சாம்பலா, சந்தனமா? காத்தோங் வீட்டுச் சுவருக்கு வெளிர்நிறம் தேர்ந்தெடுப்பது எப்படி?

தீபாவளிக்கு முன்போ, புது வீட்டுக்குக் குடிபோகும் முன்போ வீட்டுக்குச் சாயம் பூச முடிவெடுக்கும் குடும்பங்களில் பேச்சு பெரும்பாலும் கடைசியில் இரண்டு நிற அட்டைகளில் வந்து நிற்கும். ஒன்று இளஞ்சாம்பல், மற்றொன்று வெளிர் சந்தனம். கடை விளக்கின் வெளிச்சத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். சுவர் முழுக்கப் பூசிய பிறகுதான் வேறுபாடு தெரியவரும். அதற்குள் சாயத்துக்கும் கூலிக்கும் பணம் போயிருக்கும். பிடிக்காத நிறத்தை மறைக்க மறுபடியும் இரண்டு பூச்சு வேண்டும்.

காத்தோங், ஜூ சியட் வட்டாரம் நிறத்துக்குப் பெயர்பெற்றது. கூன் செங் ரோட்டில் வரிசையாக நிற்கும் பெரானாக்கன் வீடுகளின் இளஞ்சிவப்பையும் பச்சையையும் நீலத்தையும் படமெடுக்கச் சுற்றுப்பயணிகள் தினமும் வருகிறார்கள். ஜூ சியட் 1993ல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. 2011ல் சிங்கப்பூரின் முதல் மரபுடைமை நகராகத் தேர்வு பெற்றது. வெளிச்சுவர் எவ்வளவு வண்ணமயமாக இருந்தாலும், உள்ளே வசிப்பவர்களில் பலர் கேட்பது கண்ணை உறுத்தாத ஒரு வெளிர்நிறத்தைத்தான்.

சாம்பல், சந்தனம் இரண்டில் எது நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. அறைக்கு எந்தத் திசையிலிருந்து வெளிச்சம் வருகிறது, இரவில் எந்த விளக்கு எரிகிறது, தரை என்ன நிறம் என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்தால் நிறத்தைத் தேர்ந்தெடுப்பது எளிது.

இரண்டு நிறங்கள், சில எண்கள்

வெளிர்நிறங்களைப் பற்றி இணையத்தில் தேடுவோர் கண்ணில் அடிக்கடி படும் இரண்டு பெயர்களை எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் அமெரிக்காவின் ஷெர்வின்-வில்லியம்ஸ் நிறுவனத்தின் நிறங்கள். ஒன்று 7029 என்ற எண் கொண்ட ‘அக்ரீயபிள் கிரே’. மற்றொன்று 7036 என்ற எண் கொண்ட ‘ஆக்ஸசிபிள் பெய்ஜ்’. முதலாவது சந்தனம் கலந்த சாம்பல். இரண்டாவது சாம்பல் கலந்த சந்தனம். இதே சாயல் கொண்ட நிறங்கள் மற்ற நிறுவனங்களின் அட்டைகளிலும் வேறு பெயர்களில் உண்டு. எனவே இந்த ஒப்பீடு அவற்றுக்கும் பொருந்தும்.

கணினித் திரையில் ஒரு நிறத்தைக் காட்ட சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றும் எந்த அளவில் சேர வேண்டும் என்பதை 0 முதல் 255 வரையிலான எண்களால் குறிப்பார்கள். அக்ரீயபிள் கிரேயின் எண்கள் 209, 203, 193. ஆக்ஸசிபிள் பெய்ஜின் எண்கள் 209, 199, 184. சிவப்பு இரண்டிலும் ஒரே அளவு. பச்சையில் வேறுபாடு 4, நீலத்தில் 9.

மூன்று எண்களும் சமமாக இருந்தால் அது சுத்தச் சாம்பல். நீலம் குறையக் குறைய நிறம் சந்தனத்தின் பக்கம் சாயும். முதல் நிறத்தில் சிவப்புக்கும் நீலத்துக்கும் இடைவெளி 16, இரண்டாவதில் 25. சிறிய அட்டையில் இந்த வேறுபாடு கண்ணுக்கு எட்டாமல் போகலாம். நான்கு சுவர்களிலும் பூசும்போது ஒரு சுவரின் நிறம் எதிர்ச்சுவரில் பட்டு மறுபடி திரும்புவதால் சாயல் கூடித் தெரியும். கடையில் ‘சும்மா சாம்பல்’ என்று எடுத்தது வீட்டில் நீலமாகவோ ஊதாவாகவோ தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெளிச்சத்தில் எது கூடுதல்?

நிற அட்டையின் பின்புறத்தில் பெரும்பாலும் ‘எல்ஆர்வி’ என்ற ஓர் எண் இருக்கும். சுவரில் விழும் வெளிச்சத்தில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை அது சொல்கிறது. முழுக் கறுப்புக்கு 0; முழு வெள்ளைக்கு 100. அக்ரீயபிள் கிரேக்கு 60. ஆக்ஸசிபிள் பெய்ஜுக்கு 58. இரண்டு புள்ளி வேறுபாட்டை வீட்டில் யாரும் உணர மாட்டார்கள். ‘சாம்பல் பூசினால் வீடு இருண்டுவிடும், சந்தனம் பூசினால் வெளிச்சமாக இருக்கும்’ என்ற நம்பிக்கை இந்த இரண்டு நிறங்களுக்குப் பொருந்தாது.

வெள்ளையோடு ஒப்பிட்டால் கதை வேறு. அதே நிறுவனத்தின் ‘பியூர் ஒயிட்’ நிறத்துக்கு இந்த எண் 84. சன்னல் வழியே வரும் வெளிச்சம் ஒரு சுவரில் பட்டு, அங்கிருந்து இன்னொரு சுவரில் பட்டு அறையின் மூலைக்குப் போய்ச் சேர்கிறது. வெள்ளைச் சுவர்களில் இரண்டு முறை பட்டபின் 100 பங்கில் 70 பங்கு மிஞ்சும். 60 அளவுள்ள சுவர்களில் 36 பங்கு மிஞ்சும். 58 அளவுள்ளவற்றில் ஏறக்குறைய 34. சன்னலிலிருந்து தள்ளியிருக்கும் மூலைகளும் நடைவழிகளும் இருண்டு தெரிவதற்குக் காரணம் இதுதான். அப்படிப்பட்ட இடங்களுக்குச் சாம்பலா சந்தனமா என்று யோசிப்பதைவிட, 80க்கு மேல் எண் உள்ள வெள்ளை வகை ஒன்றைப் பூசுவதே நல்லது.

பாட்டி காலத்து நீலம்

சாயல் பற்றிய அறிவு தமிழ் வீடுகளுக்குப் புதிதல்ல. பொங்கலுக்கு முன் சுவருக்கு வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்புக் கரைசலில் கொஞ்சம் நீலம் கலப்பது வழக்கம். துணிக்குப் போடும் அதே நீலம்தான். சுண்ணாம்பின் லேசான மஞ்சளை நீலம் அடக்கிவிடும். சுவர் பளிச்சென்று தெரியும். கை தவறிக் கூடிப்போனால் வீடே நீலம் பூத்துவிடும்.

இன்றைய கடைகளில் இயந்திரம் அதே வேலையைச் சொட்டுக் கணக்கில் செய்கிறது. வெள்ளை அடிச்சாயத்தில் கறுப்பு, மஞ்சள், காவி போன்ற நிறமிகள் மிகச் சிறிய அளவில் சேர்கின்றன. வெளிர்நிறம் என்பதே பெரும்பகுதி வெள்ளையும் சிறுபகுதி நிறமியும்தான். அந்தச் சிறுபகுதி எந்தப் பக்கம் சாய்கிறதோ அதுவே அதன் அடிச்சாயல்.

அடிச்சாயலைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. நிற அட்டையைச் சுத்தமான வெள்ளைத் தாள்மீது வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு அதே அட்டை வரிசையில் கீழே இருக்கும் அடர்நிறத்தைப் பார்க்க வேண்டும். மேலே ஒளிந்திருக்கும் பச்சையோ ஊதாவோ மஞ்சளோ கீழே வெளிப்படையாகத் தெரியும்.

சிங்கப்பூர் வெயிலுக்குத் தனிக் கணக்கு

வீட்டு அலங்காரம் பற்றிய வெளிநாட்டு நூல்களும் காணொளிகளும் ‘வடக்குப் பார்த்த அறையில் வெளிச்சம் குளிர்ச்சியானது, தெற்குப் பார்த்த அறையில் வெதுவெதுப்பானது’ என்று சொல்வதுண்டு. இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் அது சரி. நிலநடுக்கோட்டிலிருந்து 1.3 பாகை வடக்கே இருக்கும் சிங்கப்பூருக்கு அது அப்படியே பொருந்தாது.

இங்கே மார்ச், செப்டம்பர் மாதங்களில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர்மேலே இருக்கும். ஜூன் மாதத்தில் வடக்கே சாயும். டிசம்பரில் தெற்கே சாயும். அப்போதும் நண்பகலில் அது உயரத்திலேயே இருப்பதால், வடக்கு, தெற்குச் சன்னல்களுக்குப் பெரும்பாலும் நேர்வெயிலைவிட வானத்தின் வெளிச்சமே அதிகம் கிடைக்கும். தெளிந்த வானத்தின் வெளிச்சத்தில் நீலம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். மேகமூட்டமான நாளில் அது மங்கிய வெண்மையாகிவிடும். இந்த அறைகளில் சாம்பல் நிறம் மேலும் குளிர்ந்து, சில நேரங்களில் நீலச்சாம்பலாகத் தெரியும். சந்தனச் சாயல் அந்த நீலத்தை ஈடுகட்டிச் சமநிலைக்கு வரும்.

கிழக்கு, மேற்குச் சன்னல்களின் நிலை இதற்கு மாறானது. இங்கு ஆண்டு முழுவதும் ஏறக்குறைய காலை 7 மணிக்குச் சூரியன் உதித்து மாலை 7 மணிக்கு மறைகிறது. தாழ்ந்து வரும் காலை, மாலை வெயிலில் மஞ்சளும் சிவப்பும் கூடுதல். மேற்குப் பார்த்த வரவேற்பறையில் மாலை 5 மணிக்கு மேல் சந்தனச் சுவர் மஞ்சளாக, சில வேளைகளில் ஆரஞ்சாகவே மாறிவிடும். அங்கே சாம்பல்தான் நிதானமாக இருக்கும்.

சன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதும் கணக்கில் சேரும். தாழ்ந்த மாடியில் தூங்குமூஞ்சி மரத்தின் கிளைகள் சன்னலை மறைத்தால் உள்ளே வரும் வெளிச்சம் பச்சை கலந்ததாக இருக்கும். எதிர் புளோக்கின் சுவர் அண்மையில் புதுச்சாயம் கண்டிருந்தால் அதன் நிறமும் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும்.

மூன்று வகை வீடுகள்

காத்தோங்கிலும் அதையொட்டிய பகுதிகளிலும் பெரும்பாலும் மூன்று வகை வீடுகளைக் காணலாம்.

முதல் வகை, பழைய கடைவீடுகளும் மாடிவீடுகளும். இவை முகப்பில் குறுகியவை, உள்ளே நீண்டவை. முன்சன்னல், பின்சன்னல், நடுவே இருக்கும் திறந்த முற்றம் ஆகியவற்றின் வழியாகவே வெளிச்சம் வரும். முற்றத்துக்கும் முன்னறைக்கும் இடைப்பட்ட பகுதி பகலிலும் மங்கலாக இருக்கும். அங்கே வெள்ளை வகையைப் பூசி, முன்னறைக்கு மட்டும் சாம்பலோ சந்தனமோ வைத்துக்கொள்ளலாம். சுண்ணாம்புக் காரை பூசிய பழைய செங்கல் சுவர்கள் உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விட வேண்டியவை. அவற்றின்மேல் காற்றுப் புகாத பூச்சு அடித்தால் சாயம் கொப்பளித்து உரியும். அத்தகைய சுவர்களுக்கு ஈரத்தை வெளிவிடும் கனிமச் சாயமோ சுண்ணாம்புச் சாயமோ ஏற்றது. பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்றால் வெளிப்புறத்தைத் தொடுமுன் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிமுறைகளைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வகை, வீவக வீடுகள். ஹேக் ரோடு, ஜாலான் பத்து போன்ற இடங்களிலும், 1966ல் தொடங்கிய கிழக்குக் கடற்கரை நில மீட்புக்குப் பின் 1970களில் எழுந்த மரின் பரேடிலும் உள்ள புளோக்குகள் இதில் அடங்கும். இங்கே ஒரே வீட்டில் வரவேற்பறை ஒரு பக்கமும் படுக்கையறைகள் எதிர்ப்பக்கமும் பார்த்திருப்பதுண்டு. எல்லா அறைக்கும் ஒரே நிறம் பூசினாலும் அறைக்கு அறை அது வேறாகத் தெரியும். பொது நடைபாதையை ஒட்டிய அறைக்கு வெளிச்சம் குறைவாகவே வரும். வீட்டின் உட்புறச் சாயம் உரிமையாளரின் விருப்பம். பொது நடைபாதைச் சுவர் நகர மன்றத்தின் பராமரிப்பில் இருப்பது.

மூன்றாவது வகை, கூட்டுரிமை வீடுகள். தரையிலிருந்து மேல்தளம் வரை கண்ணாடி வைத்த அறைகளில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. அங்கே வெள்ளைச் சுவர் கண் கூசச்செய்யலாம்; 60க்கு அருகில் உள்ள இரு நிறங்களும் இதமாக இருக்கும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வெப்பத்தடுப்புத் தாளுக்குச் சாயல் இருந்தால், அதுவும் சுவரின் நிறத்தை மாற்றும்.

இரவு விளக்கு

வேலைக்கும் பள்ளிக்கும் போய்வரும் குடும்பங்கள் வீட்டுச் சுவரை அதிகம் பார்ப்பது இரவில்தான். எனவே பகல் வெளிச்சத்தைப் போலவே விளக்கும் முக்கியம்.

விளக்குப் பெட்டியில் ‘கே’ என்ற எழுத்தோடு ஓர் எண் இருக்கும். 2,700 முதல் 3,000 வரை என்றால் மஞ்சள் வெளிச்சம். 4,000 என்றால் நடுத்தர வெண்மை. 6,500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. கடைகளில் இதை ‘டேலைட்’ என்பார்கள்.

நீலம் கலந்த வெள்ளை விளக்கின்கீழ்ச் சாம்பல் சுவர் மருத்துவமனை நடைவழியை நினைவூட்டும். சந்தனச் சுவரில் அந்தக் குளிர்ச்சி குறையும். மஞ்சள் விளக்கின்கீழ்ச் சந்தனம் அளவுக்கு மீறி மஞ்சளாகும்; சாம்பல் இதமான வெளிர்நிறமாக மாறும். சுவருக்குச் சாயம் பூசிய பின் நிறம் பிடிக்கவில்லை என்றால், மறுபடி பூசுவதற்கு முன் விளக்கை மாற்றிப் பார்ப்பது செலவு குறைந்த வழி. 4,000 எண் கொண்ட விளக்கில் இரு நிறங்களும் பெரிய மாற்றமின்றித் தெரியும்.

தரைதான் தலைமை

சாயத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றலாம். தரையை மாற்றுவது அவ்வளவு எளிதல்ல. ஆகவே சுவர் நிறம் தரைக்கு ஒத்துப்போக வேண்டும்.

பழைய வீடுகளில் காணப்படும் பழுப்பு மரத்தரை, சிவப்புத் தரை ஓடு, இளமஞ்சள் பளிங்கு ஆகியவற்றோடு சந்தனச் சாயல் இயல்பாகச் சேரும். இவற்றின்மேல் சாம்பல் சுவர் நின்றால், தரை மேலும் மஞ்சளாகவும் சுவர் மேலும் நீலமாகவும் தோன்றும். ஒன்றுக்கொன்று எதிரான சாயல்கள் அருகருகே இருக்கும்போது கண் அவற்றின் வேறுபாட்டைப் பெரிதாக்கிக் காட்டும். சாம்பல் ஓடு, சிமெண்ட் தோற்றம் கொண்ட தரை, சாம்பல் கோடு ஓடும் வெள்ளைப் பளிங்கு ஆகியவற்றுக்குச் சாம்பல் சுவர் பொருந்தும். அங்கே சந்தனம் பழசாகிப்போன வெள்ளையைப்போல் தெரிய வாய்ப்புண்டு.

பெரானாக்கன் வீடுகளின் பூவேலை ஓடுகளில் பல நிறங்கள் கலந்திருக்கும். ஓட்டின் பின்னணி நிறம் பாலேடு போன்றதா, சாம்பல் கலந்ததா என்று பார்த்து, அதன் பக்கம் சாய்ந்த சுவர் நிறத்தை எடுப்பது பாதுகாப்பானது.

மேற்கூரையின் உட்புறம், கதவு, சன்னல் சட்டம் ஆகியவற்றின் வெள்ளையையும் கவனிக்க வேண்டும். பழைய வெள்ளை மஞ்சளாகிப் போயிருந்தால், அதன் அருகே புதுச் சாம்பல் நீலமாகத் தெரியும். பட்ஜெட் சுவருக்கு மட்டுமே போதும் என்றால் சந்தனம் அந்தப் பழைய வெள்ளையோடு எளிதில் ஒத்துப்போகும்.

சாமி மாடமும் சமையலறையும்

தமிழ் வீடுகளில் இரண்டு இடங்களுக்குத் தனிக் கவனம் வேண்டும்.

சாமி படங்களின் பொன்னிறச் சட்டம், பித்தளைக் குத்துவிளக்கு, மஞ்சள், குங்குமம், மல்லிகைச் சரம் ஆகியவை சேரும் இடத்தில் சந்தனச் சுவர் எல்லாவற்றோடும் இணங்கி நிற்கும். சாம்பல் சுவரில் பித்தளையும் பொன்னிறமும் தனித்து எடுப்பாகத் தெரியும். இதில் சரி, தவறு கிடையாது; வீட்டாரின் விருப்பம்தான். எண்ணெய் விளக்கின் கரியும் சாம்பிராணிப் புகையும் இரு நிறங்களிலும் படியும். எனவே அந்தச் சுவரில் துடைக்கக்கூடிய பூச்சு இருக்க வேண்டும்.

தாளிப்பு தெறிக்கும் சமையலறையில் மஞ்சள்தூள் கறையே பெரிய தொல்லை. மஞ்சள் கறை சாம்பல் சுவரில் உடனே கண்ணில் படும். சந்தனச் சுவரில் அவ்வளவாகத் தெரியாது. அடுப்புக்குப் பின்னால் ஓடு பதித்திருந்தாலும் பக்கச் சுவருக்கு இது பொருந்தும்.

பளபளப்பும் இங்கே முக்கியம். பளபளப்பே இல்லாத ‘மேட்’ பூச்சு சுவரின் மேடுபள்ளங்களை மறைக்கும். ஆனால் பலமுறை துடைத்தால் தேய்ந்த தடம் தெரியும். லேசான பளபளப்புள்ள பூச்சைத் துடைப்பது எளிது. சீராகப் பட்டி பார்க்காத சுவரின் குறைகளையும் அது காட்டிக்கொடுத்துவிடும். வரவேற்பறைக்கும் படுக்கையறைக்கும் முதல் வகையும், சமையலறைக்கும் குழந்தைகள் கை வைக்கும் நடைவழிக்கும் இரண்டாவது வகையும் ஏற்றவை.

மூத்தோர் இருக்கும் வீடு

பார்வை மங்கிவரும் தாத்தா பாட்டிக்கு வீட்டில் எல்லாமே வெள்ளையாக இருப்பது சிரமம் தரும். வெள்ளைச் சுவரில் வெள்ளைச் சுவிட்சு, வெள்ளைக் கதவு, வெள்ளைக் கைப்பிடி எதுவும் பிரிந்து தெரியாது. இரவில் கழிவறைக்குப் போகும்போது சுவர் எங்கே முடிகிறது, கதவு எங்கே தொடங்குகிறது என்று தடுமாறுவது விழுவதற்கும் காரணமாகலாம்.

பிரிட்டனின் பிஎஸ் 8300 தரநிலை, பார்வை குறைந்தோர் அடையாளம் காண வேண்டிய பரப்புகளுக்கு இடையே எல்ஆர்வி வேறுபாடு 30 புள்ளிகள் இருக்குமாறு பரிந்துரைக்கிறது. 60 அளவுள்ள சுவரில் 84 அளவுள்ள வெள்ளைக் கதவு வைத்தால் வேறுபாடு 24தான் கிடைக்கும். வெள்ளையோடு வெள்ளை இருப்பதைவிட இது மேல், ஆனால் போதாது. கதவையோ கதவுச் சட்டத்தையோ 30க்குக் கீழே எண் உள்ள அடர்நிறத்தில் பூசினால் நோக்கம் நிறைவேறும். சாம்பல், சந்தனம் இரண்டுக்கும் இதில் வேறுபாடு இல்லை.

ஈரமும் பூஞ்சையும்

சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 82 விழுக்காடு. விடியற்காலையில் அது 90ஐத் தாண்டும். மழையில்லாத நாளின் பிற்பகலில் 60க்கு அருகே இறங்கும். நவம்பர், டிசம்பர் மாதங்களில் மழை அதிகம். பொங்கலுக்காகச் சாயம் பூசுவோர் மழைக்காலத்திலேயே வேலையைத் தொடங்க வேண்டியிருப்பதால் ஒவ்வொரு பூச்சும் காய்வதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும். பிற்பகலில் பூசி, சன்னலைத் திறந்து, மின்விசிறியை ஓடவிடுவது உதவும்.

காற்றோட்டமில்லாத மூலைகள், அலமாரிக்குப் பின்புறம், குளிரூட்டிக்குக் கீழே ஆகிய இடங்களில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சையின்மேல் புதுச்சாயம் பூசினால் அது சில மாதங்களில் மறுபடி வெளியே வரும். முதலில் பூஞ்சையை நீக்கி, சுவரைக் கழுவி நன்கு காயவிட்டு, சீலர் பூசி, அதன்பிறகே நிறம் பூச வேண்டும். நீர்க்கசிவு இருந்தால் அதைச் சரிசெய்த பிறகுதான் சாயவேலை. கரும்புள்ளிகள் இரு நிறங்களிலும் ஒரே அளவில் தெரியும். நிறத்தை மாற்றி அவற்றை மறைக்க முடியாது.

கைக்குழந்தை, ஆஸ்துமா உள்ளோர் இருக்கும் வீட்டில் வாடையையும் கவனிக்க வேண்டும். சிங்கப்பூர்ச் சுற்றுப்புற மன்றம் நடத்தும் பசுமை முத்திரைத் திட்டம் 1992 முதல் நடப்பில் உள்ளது. அந்த முத்திரை டின்னில் இருக்கிறதா என்று பார்க்கலாம். உட்புறச் சாயங்களில் ஃபார்மால்டிஹைடு வேதிப்பொருளுக்கு 2026 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் கட்டுப்பாடு உண்டு. வீட்டில் பழைய டின் மிச்சமிருந்தால் அதைப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது.

வேறு நிறுவனத்தில் அதே நிறம்

ஒரு நிறுவனத்தின் நிறத்தை வேறொரு நிறுவனத்தின் இயந்திரத்தில் கலந்து தரும்படி கேட்பது வழக்கம். கருவி அட்டையைப் படித்து நெருக்கமான கலவையைச் சொல்லும். ஆனால் இரண்டு நிறுவனங்களின் நிறமிகள் வெவ்வேறு. கடை விளக்கில் ஒத்துப்போகும் இரு கலவைகள் வீட்டு விளக்கில் பிரிந்து தெரியலாம். வெளிர்நிறங்களில் இந்தச் சிக்கல் எளிதில் கண்ணில் படும். எனவே பெயரை நம்பாமல், வாங்கப்போகும் டின்னிலிருந்தே சோதனைப் பூச்சு பூசிப் பார்க்க வேண்டும்.

சோதித்துப் பார்க்கும் முறை

இரு நிறங்களிலும் மிகச் சிறிய டின் ஒவ்வொன்று வாங்கவும். ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் சதுர அட்டைகள் இரண்டில் ஒவ்வொரு நிறத்தையும் இரண்டு பூச்சு பூசவும். ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை விடவும். பழைய சுவர் நிறம் கண்ணைக் குழப்பாமல் இருக்க அந்த வெள்ளை உதவும். நன்றாகக் காய்ந்த பிறகே பார்க்கவும். பெரும்பாலான சாயங்கள் காய்ந்தபின் சற்று அடர்ந்து தெரியும்.

அட்டைகளைத் தரையை ஒட்டி ஒருமுறை, சன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஒருமுறை, இருண்ட மூலையில் ஒருமுறை நிறுத்திப் பார்க்கவும். காலை 8 மணி, பிற்பகல் 1 மணி, மாலை 6 மணி, விளக்கு போட்ட பின் இரவு 9 மணி என நான்கு நேரங்களில் கவனிக்கவும். இடையே ஒரு மழைநாளும் வந்தால் நல்லது. இரண்டையும் அருகருகே வைத்து மட்டும் பார்க்கக் கூடாது. ஒன்றை மறைத்துவிட்டு மற்றொன்றைத் தனியாகவும் பார்க்க வேண்டும். சுவரில் ஒரு நிறம்தானே இருக்கப்போகிறது.

எவ்வளவு சாயம் வாங்குவது?

3 மீட்டருக்கு 3.5 மீட்டர் அளவுள்ள அறையின் சுற்றளவு 13 மீட்டர். உயரம் 2.6 மீட்டர் என்றால் சுவர்ப்பரப்பு 33.8 சதுர மீட்டர். கதவுக்கும் சன்னலுக்கும் 4 சதுர மீட்டர் கழித்தால் ஏறக்குறைய 30. இரண்டு பூச்சுக்கு 60 சதுர மீட்டர். ஒரு லிட்டர் 10 முதல் 12 சதுர மீட்டர் வரை ஒரு பூச்சுக்கு வரும் என்று கொண்டால் 5 முதல் 6 லிட்டர் தேவை. டின்னில் அச்சிட்டிருக்கும் அளவைப் பார்த்து இந்தக் கணக்கைத் திருத்திக்கொள்ளலாம்.

ஓர் அறைக்குத் தேவையான டின்களை ஒரே நாளில் கலந்து வாங்கி, பூசும் முன் எல்லாவற்றையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்க வேண்டும். டின்னுக்கு டின் இருக்கும் நுண்ணிய வேறுபாடு அப்போது சுவரில் தெரியாது. மிச்சத்தில் அரை லிட்டரைப் பெயர், எண், தேதி எழுதி மூடி வைத்தால் பின்னர் கீறல்களுக்குப் பூச உதவும்.

முடிவெடுக்க

மேற்கு வெயில் அடிக்கும் அறை, மஞ்சள் விளக்கு, சாம்பல் தரை ஆகியவற்றில் இரண்டு பொருந்தினால் சாம்பல் சாய்ந்த நிறம் ஏற்றது.

வடக்கோ தெற்கோ பார்த்த அறை, நீலம் கலந்த வெள்ளை விளக்கு, மரத்தரை அல்லது சிவப்பு, மஞ்சள் ஓடு ஆகியவற்றில் இரண்டு பொருந்தினால் சந்தனம் சாய்ந்த நிறம் ஏற்றது.

பகலிலும் விளக்கு போடவேண்டிய அறை என்றால் இரண்டையும் விட்டுவிட்டு 80க்கு மேல் எண் உள்ள வெள்ளை வகையைப் பார்க்கவும்.

வெளிச்சம் ஒன்றும் தரை வேறொன்றும் சொன்னால் தரை சொல்வதைக் கேட்கலாம். விளக்கை ஒரே மாலையில் மாற்றிவிடலாம். தரையை அப்படி மாற்ற முடியாது.